கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன்

பாரிசுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தத்துவ வாத்தியார். அந்த நாட்டில் பள்ளியை முடிக்கிற பிள்ளைகள் தத்துவத்திலும் பரீட்சை எழுதித் தொலைக்க வேண்டும். உண்மை என்றால் என்ன, ஒரு வாக்கியம் எதைக் கொண்டு உண்மையாகிறது, உண்மையாகவும் இல்லாமல் பொய்யாகவும் இல்லாமல் ஒரு வாக்கியம் இருக்க முடியுமா என்றெல்லாம், மேசைக்கடியில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் தொண்டை கிழியப் பேசிச் சம்பளம் வாங்குகிறேன். இதனால் ஊரில் ஒருவருக்கும் காலணா பிரயோஜனம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மதியம் விழுப்புரத்திலிருந்து தம்பி மகள் கௌசல்யா போன் செய்தாள்.

"பெரியப்பா, நீங்க அதத்தானே பாடம் நடத்துறீங்க? அப்பா திதிக்கு வாங்க. அப்படியே அம்மாவுக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

அவள் அம்மா செல்வி, ஒரு வருஷமாக வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பால்காரர், சிலிண்டர் கொண்டுவருகிறவர், எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தார், யாரும் தப்பவில்லை. அவர் கடைசியாகச் சொன்னது நெசமா, பொய்யா என்பதுதான் கேள்வி.

அவர் என்பது என் தம்பி குமரேசன். திண்டிவனத்தில் மோட்டார் பம்புகளுக்கு உதிரி பாகம் விற்கிற கடை வைத்திருந்தான். வீடு விழுப்புரத்தில். தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வருவான். சாயங்காலம் செல்வி போன் போட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், "கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன்" என்பான். கூட்டேரிப்பட்டு, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருகிற நெடுஞ்சாலையில் மயிலத்துக்குத் திரும்புகிற கூட்டுரோடு. அதைத் தாண்டிவிட்டேன் என்று அவன் சொன்னால், இன்னும் கடை ஷட்டரை இறக்கவில்லை என்று அர்த்தம். இது வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். செல்வி அதைக் கேட்ட பிறகுதான் அரிசி களைவாள். அவள் குழம்பை இறக்குகிற நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்கும்.

அந்த வாக்கியத்தை நான் பல வருஷமாக வகுப்பில் உதாரணமாகச் சொல்லிவந்தேன். ஒரு வாக்கியம் என்பது உலகத்தைப் பற்றிய தகவல், உலகம் அப்படி இருந்தால் உண்மை, இல்லாவிட்டால் பொய் என்று ஒரு கட்சி உண்டு. மனிதர்கள் பேசுவதில் பாதி தகவலே இல்லை, பேச்சு என்பது கும்பிடு போடுவது மாதிரி, தோளில் தட்டிக்கொடுப்பது மாதிரி ஒரு செய்கை, அதில் உண்மை பொய் பார்ப்பதே தப்பு என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பாரிஸ் ஓட்டல்களில் சர்வரைக் கூப்பிட்டால், எதிர்த்திசையில் நடந்துகொண்டே "ழாரீவ்" என்பான். இதோ வருகிறேன் என்று அர்த்தம். அவன் பொய் சொல்லவில்லை, கோபப்படாதே என்கிறான். என் தம்பியும் அப்படித்தான் என்று சொல்லி, பலகையில் கூட்டேரிப்பட்டு என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு வாயில் நுழையாது, சிரிப்பார்கள். குமரேசனிடம் இதைச் சொன்னபோது அவனும் சிரித்தான். "பாரிஸ்ல கூட்டேரிப்பட்டு ஃபேமஸ் ஆயிடுச்சா?" என்றான்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அதே வாக்கியத்தைச் சொன்னவன் வீட்டுக்கு வரவில்லை. சோறு ஆறிப்போன பிறகு, போன் போட்டும் எடுக்காததால், செல்வி தன் தம்பி மனோகரை அனுப்பினாள். இன்னும் கடையில்தான் இருப்பார், இல்லாவிட்டால் திண்டிவனத்தில் யார் வீட்டிலாவது பேசிக்கொண்டிருப்பார், போய்ப் பார் என்றாள். மனோகரும் கூடப் போன இரண்டு பேரும் திண்டிவனம் முழுக்கத் தேடினார்கள். குமரேசன் கூட்டேரிப்பட்டைத் தாண்டி, விழுப்புரம் பக்கமாக, ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழே வண்டியோடு கிடந்தான். காலையில் ஆடு ஓட்டிவந்த ஒரு பெண் பார்த்தாள். விழுந்த உடனே சாகவில்லை, வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சென்னையில் வந்து இறங்கி, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது, திண்டிவனம் ஊருக்குள்ளே போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். போகும், ஏறுங்க என்றார். பெட்டியை இன்ஜின் பக்கத்தில் திணித்துவிட்டு உட்கார்ந்தேன். திண்டிவனம் வந்ததும் பைபாஸில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, இறங்கு இறங்கு என்று விரட்டினார்கள். உள்ளே போகும் என்றீர்களே என்றேன்.

"போவும்னா, டிரைவர் உட்டாருன்னா போவும்" என்றார் கண்டக்டர்.

இந்தப் பதிலைப் பரீட்சையில் ஒரு பிள்ளை எழுதினால் முழு மார்க் போடுவேன். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. பாரிசில் பஸ் எங்கே நிற்கும் என்று எழுதிவைத்திருக்கிறார்களோ அங்கேதான் நிற்கும். அதனாலேயே அங்கே யாரும் கண்டக்டரோடு பேசுவதில்லை, கண்டக்டரே இல்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு போய் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

நேராக விழுப்புரம் போயிருக்கலாம். தம்பியின் கடையைப் பார்க்காமல் செல்வி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அதுதான் திண்டிவனத்தில் இறங்கினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பூட்டின் மேல் சிலந்தி நூல் கட்டியிருந்தது. மேலே போர்டு மட்டும், எல்லா கம்பெனி மோட்டார்களுக்கும் உதிரி பாகங்கள் இங்கு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, கடை இல்லீங்க, அவரு தவறிட்டாரு என்றார். அவர் அண்ணன்தான் நான் என்று சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை விற்றார்கள், எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். உப்பு சரியாக ஏறியிருந்தது. பாரிசில் வறுத்து டப்பாவில் அடைத்ததுதான் கிடைக்கும். இந்த ஈரமும் மண்வாசனையும் கிடையாது. தின்னத் தின்ன அழுகை வந்தது. நானும் அவனும் ஒரே பொட்டலத்தில் கைவிட்டுத் தின்றவர்கள்.

பக்கத்து சீட்டில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "வந்துகினே இருக்கேன்பா, தோ, டோல்கேட்டாண்ட வந்துட்டேன்" என்றார். பஸ் இன்னும் ஸ்டாண்டை விட்டே கிளம்பவில்லை. டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். சுற்றி இருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிநேகமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே என் தம்பியின் சிரிப்பாக இருந்தது. பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் செல்வி கூப்பிட்டாள். எங்கே இருக்கீங்க மாமா என்றாள். திண்டிவனம் என்றேன். எதிரில் தெரிகிற போர்டைப் படியுங்கள் என்றாள். எனக்குப் புரியவில்லை. திரும்பவும் சொன்னாள். ஜன்னல் வழியாகப் பார்த்து, ஸ்ரீ முருகன் தேங்காய் மண்டி, தேங்காய் மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும் என்று படித்தேன். சரி என்று வைத்துவிட்டாள். வழியில் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். ஒரு டயர் கடையும் ஒரு கல்யாண மண்டபமும் படித்துக் காட்டினேன்.

கூட்டேரிப்பட்டில் மயிலம் கோயிலுக்கு மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று இறங்கியது. பஸ் மறுபடி நகர்ந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்தப் பாலம் என்று எனக்குத் தெரியாது. அதனால் எந்தப் பாலத்தையும் பார்க்காமல் இருக்க வேண்டியிருந்தது.

செல்வி பாதியாக இளைத்திருந்தாள். தோசை வார்த்துப் போட்டாள், பிரான்சில் குளிர் எப்படி என்று கேட்டாள், கேள்வியை மட்டும் கேட்கவில்லை. வீட்டின் புதுச் சட்டங்களைக் கௌசல்யாதான் சொன்னாள். இந்த வீட்டில் யாரும் தோ வந்துட்டேன் என்று சொல்லக் கூடாது. காலேஜிலிருந்து வரும்போது அவள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு போர்டைப் படித்து அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளுக்கு போர்டு என்றே பேர் வைத்துவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் மனோகர் என்னைத் தன் வண்டியில் அந்த இடத்துக்கு அழைத்துப்போனான். நான் கேட்கவில்லை, அவனாகவே வாங்க என்றான். முதலில் கூட்டேரிப்பட்டு வரைக்கும் போய் ஒரு கடையில் டீ குடித்தோம், போண்டா தின்றோம். சின்னப் பாலம் எவ்வளவு தூரம் என்று நான் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். மனோகருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டேன். தோ, கிட்டத்தான் என்றார். கிட்டத்தில் இல்லை. இந்த ஊரில் கிட்டத்தான் என்பதும் தூரத்தைப் பற்றிய தகவல் இல்லை, கவலைப்படாமல் போ என்பதுதான். முன்பு என்றால் அதையும் வகுப்புக்கென்று குறித்துவைத்திருப்பேன்.

பாலத்துக்கு அடியில் கொஞ்சம் பாசித் தண்ணீர், பிளாஸ்டிக் தம்ளர்கள், யாரோ விட்டெறிந்த ஒற்றைச் செருப்பு. அது குமரேசனுடையது இல்லை என்று மனோகர் உடனே சொன்னான். மேலே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. பக்கத்தில் நின்று பேசியதே எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒருவன் கீழே கிடந்து கத்தியிருந்தால் யாருக்குக் கேட்டிருக்கும்? மனோகர் சாலையின் நடுவே நீளமாக வளர்ந்திருந்த அரளிச் செடிகளைக் காட்டினான்.

"நான் இந்தாண்ட பக்கமா போறேன் மாமா, அவரு அந்தாண்ட பக்கம் கெடக்கறாரு. நடுவுல இந்த அரளி. பூத்துக்கினு இருந்துச்சி" என்றான். "அக்கா திண்டிவனம்னு சொல்லிச்சி. நான் நேரா பாத்துக்கினு ஓட்டிக்கினு போயிட்டேன்."

போலீஸ் ஸ்டேஷனிலும் கேட்டுப் பார்த்தானாம். போன் பேசிய நேரம் தெரிகிறது, விழுந்த நேரம் தெரியவில்லை, டவரை வைத்துக் கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாது என்றார்களாம். வழக்கம் போலக் கடையிலிருந்தே சொல்லிவிட்டு அப்புறம் கிளம்பி வந்து விழுந்திருக்கலாம். அல்லது அன்றைக்கு ஒரு நாள் நிஜமாகவே கூட்டேரிப்பட்டைத் தாண்டி, வண்டியை ஓரம் கட்டிப் பேசிவிட்டு, மறுபடி கிளம்பிய உடனே விழுந்திருக்கலாம். குமரேசன் மாமா பொய்தான் சொல்லியிருப்பார் என்று மனோகர் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்கு அது பொய்யாக இருந்தாக வேண்டும்.

மூன்றாம் நாள் திதி. ஐயர் வந்துபோன பிறகு பந்தி நடந்தது. வாழைக்காய் பொரியல், வடை, பருப்புப் பாயசம், எல்லாம் குமரேசனுக்குப் பிடித்தவை. சொந்தக்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, ஒவ்வொருவராகச் செல்வியிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள். எல்லோரும் சொன்ன ஆறுதல் ஒன்றுதான். அவன் எப்பவும் அப்படித்தான் சொல்லுவான், அன்னைக்கும் கடையில் இருந்துகொண்டுதான் சொல்லியிருப்பான், நீ நினைத்தது சரிதான், உன் மேல் தப்பில்லை. எங்கள் பெரிய மாமா ஒருவர், அவன் என்றைக்கு நிஜம் பேசினான் என்றுகூடச் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். ஒரே வருஷத்தில், எல்லோரும் அன்பாகவே, என் தம்பியைப் பொய்யனாக்கி முடித்திருந்தார்கள். செல்வி கையில் பாயச வாளியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீடு காலியானது. நான், செல்வி, கௌசல்யா மூன்று பேர்தான் இருந்தோம். செல்வி என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் சொல்லிட்டாங்க மாமா. நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. பொய்யின்னா என் மேல தப்பு இல்ல. ஆனா என் ஊட்டுக்காரரு கடைசியா என்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனாருன்னு ஆவுது. நெசம்னா, அவரு சொன்னத நம்பாம நான் அரிசி களஞ்சிக்கினு இருந்தேன்னு ஆவுது. ரெண்டுல எது?"

இதற்காகத்தானே வந்திருந்தேன். விமானத்திலேயே பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். ரெண்டும் இல்லை செல்வி என்று ஆரம்பித்தேன். அவன் சொன்னது இடத்தைப் பற்றிய பேச்சே இல்லை, கோபப்படாதே, வந்துவிடுவேன் என்பதைத்தான் அவன் அப்படிச் சொன்னான், அதில் உண்மையும் இல்லை பொய்யும் இல்லை, போய்ட்டு வர்றேன் என்பது போல ஒரு மரியாதை, அவன் சரியாகச் சொன்னான், நீயும் சரியாகப் புரிந்துகொண்டாய் என்றேன். சர்வர் கதையையும் சொன்னேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. கௌசல்யாவின் முகம் தெளிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்ப, நெசமாவே தாண்டியிருந்தா அவரு எப்பிடி மாமா சொல்லியிருக்கணும்?" என்றாள்.

இத்தனை வருஷம் இரண்டு கட்சிக்கும் வக்காலத்து வாங்கிப் பேசியிருக்கிறேன், ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. நான் படித்த எதிலும் இதற்கு ஒரு வரி கிடையாது. ஒருவன் நூறு தடவை விளையாட்டாகச் சொன்ன வாக்கியத்தை ஒரே ஒரு தடவை நிஜமாகச் சொல்ல வேண்டி வந்தால், அவனுக்கு வேறு எந்த வார்த்தை மிச்சம் இருக்கிறது? செல்வி, காப்பி போடுகிறேன் என்று எழுந்து போனாள். கௌசல்யா என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தாள். பிரான்சில் கிடைக்காதே என்று இன்னொரு உருண்டை வைத்தாள். குழம்பு அருமையாக இருந்தது. ஒரு உதவியும் செய்யாமல் தின்றுவிட்டுப் போகிறேன் என்று வெட்கமாக இருந்தது. சாயங்காலம் மனோகர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டான்.

சென்னை பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் ஏறின உடனே தூங்கிவிட்டார். டோல்கேட்டில் வண்டிகள் நீளமாக நின்றதால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. சாலைக்கு அந்தாண்டை இருந்த பாலத்தைப் பார்க்கத் தலையை நீட்டினேன். நடுவில் அரளிதான் தெரிந்தது. கூட்டேரிப்பட்டில் டீக்கடை வாசலில் விளக்கு போட்டிருந்தார்கள். பஸ் நிற்காமல் போயிற்று. கடைகள் முடிந்து வெளி வந்ததும் போன் அடித்தது.

எங்கே இருக்கீங்க மாமா என்றாள் செல்வி.

"கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. போர்டு ஏதாவது தெரிகிறதா என்றாள். பார்த்தேன். மங்கல் வெளிச்சத்தில் மல்லாட்டை விளைகிற கொல்லை, அதற்கப்புறம் இன்னொரு கொல்லை. படித்துக்காட்ட ஒரு எழுத்து இல்லை. போர்டு எதுவும் இல்லையம்மா, வெறும் கொல்லைதான் என்றேன்.

"நெசமாவா?" என்றாள்.

"நெசமா."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நானும் அன்னிக்குக் கேட்டேன் மாமா, நெசமாவான்னு. மத்த நாளு கேட்டா சிரிப்பாரு. அன்னிக்கு சிரிக்கல. நெசமான்னாரு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்றேன்" என்றாள். பிறகு, "போர்டு வேணாம் மாமா, நீங்க சொன்னா நான் நம்புறேன். பத்திரமா போங்க" என்று வைத்துவிட்டாள்.

ஒரு வருஷமாக அவள் பால்காரரையும் தாசில்தாரையும் என்னையும் கேட்டது, விடை தெரியாமல் இல்லை. எது நிஜம் என்று முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். பொய் என்று யாராவது தன்னை நம்பவைத்துவிட மாட்டார்களா என்று வாசலுக்கு வருகிறவர்களையெல்லாம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ளாமல் நான் அவளுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறேன்.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் பக்கத்துப் பெரியவர் விழித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த ஊருங்க வந்திருக்குது என்று கேட்டார். அவருக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தெரியலீங்க என்று பொய் சொன்னேன்.